டமாரம் சாரின் ஜப்தி சாமான்கள்

தாளம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருபத்துமூன்று தாளவாத்தியங்களைச் சொந்தமாக வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். எழுபதுகளின் கடைசியில் அவர் அரியலூரில் ஓர் அரசாங்க ஆபீசில், எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

பெயர் எதற்கு? சம்பளப் பட்டியல் தவிர எல்லா இடத்திலும் அவர் டமாரம் சார்தான். ஒடிசலான உடம்பு. கையில் எப்போதும் புளியங்கொட்டைப் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். பழைய தவில், பம்பை, உடுக்கை, தப்பு என்று எங்கே கிழிந்த தோல் கிடந்தாலும் தேடிப் போய் வாங்கி வருவார். கட்டைக்கு எண்ணெய் போட்டு ஊறவைத்து, விரிசலை அடைத்து, புதுத் தோல் கட்டி, வாரை இழுத்து முறுக்கி, புதுப்பெண் மாதிரி ஆக்கிவிடுவார். தோல் வாடையை முகர்ந்துகொண்டு ஸ்டேஷன் ரோட்டு நாய்கள் ஏழெட்டு ஆபீஸ் வரைக்கும் அவருக்குத் துணை வரும். கலெக்டருக்குக்கூட அவ்வளவு மரியாதை நான் பார்த்ததில்லை.

செய்து முடித்ததும் விரல் நுனியால் ஒரு தட்டு. ஒன்றே ஒன்று. காதைச் சாய்த்து, சத்தம் அடங்கும்வரை கேட்டுவிட்டு, துணி போட்டு மூடிவிடுவார்.

"ரெண்டாவது தட்டு தட்டுனா என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தட்டலாம் தம்பி. எப்ப தட்டணும்னு தெரியணுமே!" என்றார்.

உண்மைதான். மார்கழி பஜனையில் அவர் கைதட்ட ஆரம்பித்தால் முன்னால் போகிற ஜால்ராக்காரர் தடுமாறி நின்றுவிடுவார். மூன்றாம் நாள் பஜனைக் கோஷ்டித் தலைவர் அவர் இரண்டு கையிலும் விளக்கைக் கொடுத்து, "சார், இத மட்டும் புடிச்சிக்குங்க, புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டார்.

சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் கோயில் நடை திறக்கும். டமாரம் சாருக்குத் திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி வரும். லீவு லெட்டரைப் பார்த்தே மேலதிகாரி, "ஆத்தாவ நானும் கேட்டேன்னு சொல்லும்யா" என்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மனைப் பார்க்க, இவர் வெளியே மரத்தடியில் ஓர் உடுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடுக்கையை அடித்தவர் மேல் அருள் வந்து, தலைமுடி அவிழ்ந்து, கண் செருகி ஆடிக்கொண்டிருக்கிறார். இவர் மெல்லக் கிட்டே போனார். "இந்தத் தோல எப்பங்க மாத்துனீங்க?"

சாமி ஒரு நிமிஷம் நின்றது. "போன ஆடியில" என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி ஆடப் போனது.

அவருடைய சேகரிப்பில் மகாராணி ஒரு சர்க்கஸ் டிரம். எப்போதோ வரதராஜன்பேட்டையில் கூடாரம் போட்டு, மழையில் நொடித்து, கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போன ஒரு சர்க்கஸ் கம்பெனியின் மிச்சம். இரண்டாள் சேர்ந்து அணைத்தால்தான் கை எட்டும். பக்கத்தில் புலி ஒன்று வரைந்திருக்கும். சாயம் போய் அது பூனைக்கும் புலிக்கும் நடுவில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இவர் கண்டுபிடித்தபோது அது ஒரு விவசாயி வீட்டில் கோழிக்கூடாக இருந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை நடையாய் நடந்தார். அந்த வீட்டு அம்மாள் மசியவில்லை.

"நீங்க தூக்கிட்டுப் போயிட்டா எங்க வூட்டுக் கோழிங்க எங்க சார் போவும்?"

அஞ்சாவது ஞாயிறு, கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரம் மூன்றைத் தலையில் சுமந்துகொண்டு போய் இறங்கினார். டிரம்மோடு திரும்பினார். பஸ்ஸில் இரண்டு சீட்டை அடைத்துக்கொண்டு அது வந்தபோது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள், "எந்த ஊர்லங்க திருவிழா?" என்றும் "யாருங்க தவறிட்டாங்க?" என்றும் மாறி மாறி விசாரித்தார்களாம்.

அந்த டிரம்முக்குச் சரியான அளவில் தோல் கிடைக்க மூன்று வருஷம் ஆனது. அதுவரை கட்டைக்கு எண்ணெய் போட்டார், இரும்பு வளையத்துத் துருவைச் சுரண்டினார், புலிக்கு மீசை வரைந்தார். அது எப்படிச் சத்தம் போடும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. "ஒரே ஒரு தட்டு தம்பி, அத கேட்டுட்டா போதும்" என்பார். கல்யாணம், வீடு, நிலம் எதைப் பற்றியும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாரும் பஞ்சாரத்துக்கு மயங்கிக் கொடுத்துவிடவில்லை. எறையூர்ப் பக்கம் ஒரு பெரியவர் தன் தப்பைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார். மகன் ஆலையில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "ஊர்ல எழவு விழுந்தா இனிமே எங்கள கூப்புடக் கூடாதுன்னுட்டான் சார். அவன் சொல்றதுதான் சரி. நீங்க வச்சிக்குங்க. ஆனா நல்லாக்கிக் கொண்டாந்து எங்ககிட்ட மட்டும் காட்டிடாதீங்க" என்றார். அந்தத் தப்பை மட்டும் அவர் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

டமாரம் சார் குடியிருந்த வீட்டுக்காரர் ஒருநாள் தோல் வாடை தாங்கவில்லை என்று ஆரம்பித்து, "இது யாரு யாரு தொட்ட சாமான், இதெல்லாம் எங்க வூட்டுக்குள்ள வரலாமா?" என்று போய் நின்றார். ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான். தகுதிகாண் பருவம். அப்பா இல்லாத வீட்டில் மூன்று பேர் என் சம்பளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ரிக்கார்டு ரூம் சாவி என் பொறுப்பு. சாவி கையில் இருந்தால் சின்னப் பயலுக்கும் பெரிய மனுஷத்தனம் வரும். "கவலைய விடுங்க சார், வேற எடம் கெடைக்கிற வரைக்கும் நம்ம ரிக்கார்டு ரூம்ல போட்டுக்கலாம்" என்றேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இருபத்துமூன்றும் வந்து, பழைய கோப்புகளுக்கு நடுவில் குந்தின. ஆபீஸ் பழக்கம் விடுமா? ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிச் சீட்டு ஒட்டினார்.

அவர் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு லீவில் போயிருந்த வாரம், மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி சொல்லாமல் வந்து இறங்கினார். ரிக்கார்டு ரூம் கதவைத் திறந்ததும் மீசை வைத்த புலி அவரைப் பார்த்தது.

"என்னய்யா இது?"

'இது எங்க டமாரம் சாரோடது, நான்தான் வைக்கச் சொன்னேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரி. தொண்டை வரைக்கும் வந்தது. வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"ஜப்தி சாமான் சார்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா சார். நான் வர்றதுக்கு முன்னாலருந்தே."

எண் போட்ட சீட்டுகளைப் பார்த்து அவர் தலையாட்டினார். சீட்டு ஒட்டியிருந்தால் அரசாங்கத்தில் எதையும் நம்புவார்கள். "யாரும் கேட்டு வரலல்ல? பதினஞ்சு நாள்ல தண்டோரா போட்டு ஏலம் விட்டுடுங்க. எல்லாத்தையும் ஒரே லாட்டா." கையோடு குறிப்பும் எழுதிவிட்டார். எங்கள் மேலதிகாரிக்கு உண்மை தெரியும்; ரிக்கார்டு ரூமுக்கு அவரும்தானே பதில் சொல்ல வேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

டமாரம் சார் திரும்பி வந்த அன்று டீக்கடைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். டம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் வேணா உண்மையச் சொல்லிடறேன் சார்" என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"சொன்னா ஒனக்கு வேல போயிடும். பொய் சொன்னதுக்கு ஒண்ணு, சாவிக்கு ஒண்ணு. எனக்கு ஒரு மெமோ குடுப்பாங்க, வாங்கி வச்சிக்குவேன். ஒன்ன அனுப்பிடுவாங்க தம்பி." டீயைக் குடித்து முடித்தார். "ஏலம் எந்தக் கெழம?"

அந்தப் பதினைந்து நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிடவில்லை. ரிக்கார்டு ரூமில் தரையில் உட்கார்ந்து அரைகுறையாகக் கிடந்த வேலையையெல்லாம் முடித்தார். தொய்ந்த வாரை இழுத்தார். சர்க்கஸ் டிரம்முக்காகத் தேடித் தேடி வாங்கி வைத்திருந்த தோலை அப்போதுதான் கட்டினார். யாரோ கொண்டுபோகப் போகிற சாமானுக்கு எதற்கு சார் என்றேன். "கொண்டுபோறவன் நம்மள பத்தி என்ன நெனப்பான்?" என்றார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாள் கட்டினார். 'அய்யா, வெயிலில் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் வாரைத் தளர்த்தவும். எலி அண்டாமல் பார்த்துக்கொள்ளவும். இப்படிக்கு,' என்று எழுதி, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் நான் மாட்டிக்கொள்வேனே!

தண்டோரா போடும் கோவிந்தன் ஆபீஸ் வாசலில் வந்து அழாத குறையாக நின்றான். அவனுடைய தமுக்குக்குப் போன வருஷம்தான் டமாரம் சார் தோல் மாற்றிக் கொடுத்திருந்தார். "நீங்க கட்டிக்குடுத்த தோல்ல ஒங்க சாமானுக்கே ஏலம் கூவச் சொல்றாங்களே சார், எனக்குக் கை வரல."

"நல்லா ஓங்கிப் போடு கோவிந்தா. நாலு பேரு கூட வரட்டும்" என்று அனுப்பிவைத்தார்.

ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் அந்த ஆபீஸ் ஏலத்தில் கேட்கக் கூடாது என்பது சட்டம். டீக்கடைக்காரரைத் தயார் செய்து வைத்திருந்தோம். சர்க்கஸ் டிரம் தனியாக வந்திருந்தால் அவர் எடுத்திருப்பார். ஒரே லாட் என்பதால் இரண்டாவது கேள்வியிலேயே பாவம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார். திருச்சியிலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர்தான் மிஞ்சினார். அவருக்கு ஒரு சந்தேகம்.

"இந்தப் பெரிசு சத்தம் வருமா, இல்ல வெறும் கூடா? யாராவது அடிச்சிக் காட்டுங்கப்பா."

யாரும் அசையவில்லை. டமாரம் சார் எழுந்து போனார். குச்சியை எடுத்தார். முண்டா பனியன் போட்ட அந்த வியாபாரியைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு தட்டு.

வேப்பமரத்துக் காக்காய்கள் மொத்தமும் கிளம்பின. ஸ்டேஷன் வாசலில் நின்ற குதிரை வண்டி ஆளில்லாமல் புறப்பட்டது. ஏலம் விட்டுக்கொண்டிருந்த எங்கள் மேலதிகாரி பேனாவைக் கீழே போட்டார். டமாரம் சார் மட்டும் தோலின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்து, சத்தம் முழுக்க அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு குச்சியை வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்க் கோப்புகளுக்கு எண் போட ஆரம்பித்தார். லாரி கிளம்பும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவமானத்தில் காது அடைத்துப்போயிருந்தது.

அடுத்த வருஷம் அவரைப் பெரம்பலூருக்கு மாற்றினார்கள். போய்ப் பார்க்க எனக்கு வாய் இருந்தாலும் முகம் இல்லை. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, எண்பத்திரண்டிலோ மூன்றிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வா தம்பி, சாப்புட்டுட்டுத்தான் போவணும்." அறையில் ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் ஒரு காலண்டர். கையில் பசை இல்லை. தெருவில் நாயும் இல்லை.

"இப்ப ஒண்ணும் வாங்கறதில்லையா சார்?"

"எடம் பத்தாது தம்பி" என்றார். அந்த அறையில் மாட்டு வண்டியே நிறுத்தலாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவரே கேட்டார். "ஒனக்கு கன்பர்மேஷன் ஆர்டர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார். போன மாசமே."

தொடையைத் தட்டிச் சிரித்தார். "அப்பாடா! அப்ப சாமான் ஒண்ணும் வீணாப் போவல" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ரிட்டயர் ஆன மறுவருஷமே போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. என் பிரிவு உபசாரக் கூட்டத்தில், ஒரு கரும்புள்ளி இல்லாத சர்வீஸ் என்று மாலை போட்டுப் பேசினார்கள். எனக்கு மேடையைவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆய்வுக்கு வந்த அந்த அதிகாரி உயிரோடு இருந்தால், இதைப் படிக்கவும் நேர்ந்தால், தயவுசெய்து அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள் சார். அது ஜப்தி சாமான் இல்லை. இருபத்துமூன்றும் எங்கள் டமாரம் சாருடையது.