மூன்றாவது விலைப்புள்ளி

நாட்டின் ஆகப் பெரிய இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே பெண்ணுக்குக் கணினி அறிவியலில் இடம் தந்தால், சாதாரண வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். அவர் கோப்பு திறந்தார்.

"ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்ப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்," என்றாள் மகள்.

"ரெண்டுதானே வந்திருக்கு? விதிப்படி மூணு விலைப்புள்ளி வேணும். ஆபீசுக்கு நாற்காலி வாங்கவே மூணு கேக்குறோம். உன் எதிர்காலம் நாற்காலியை விட மட்டமா?"

அவர் மனைவி குறுக்கிட்டார். "என்னைக் கட்டிக்கும்போது மூணு வாங்குனீங்களா?"

"வாங்கல. அதான் இன்னிக்கு வரைக்கும் தணிக்கை ஆட்சேபணை வந்துக்கிட்டே இருக்கு."

மூன்றாவதைத் தேடிப் புறப்பட்டவர், சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். செருப்புக்கடை மாடியில் ஒரு கல்லூரி அகப்பட்டது. முதல்வரே கதவைத் திறந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மதிப்பெண்ணைக்கூடக் கேட்காமல் இடம் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். ரிப்பேருக்குப் போயிருக்கு."

கண்காணிப்பாளர் வீடு திரும்பி ஒப்பீட்டு அறிக்கை தயாரித்தார். பாடம், ஆசிரியர், ஆய்வகம் எதற்கும் அதில் இடமில்லை.

"அதுக்கெல்லாம் படிவத்துல கட்டம் இல்லம்மா," என்றார்.

கட்டணத்துக்குக் கட்டம் இருந்தது. மூன்றையும் கவனமுடன் பரிசீலித்ததில், செருப்புக்கடை மாடியே குறைந்த விலைப்புள்ளி எனத் தெரியவந்தது. குறைந்ததைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுப்பவர் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். தம் பணிக்காலம் முழுவதிலும் அவர் விளக்கம் எழுதியதே கிடையாது.

"அப்பா, அது சும்மா கணக்குக்காகச் சேத்த மூணாவது," என்று மகள் அழுதாள்.

"சும்மா சேத்ததுன்னு வெளிய சொல்லிடாதேம்மா. அது பெரிய குற்றம்."

வெள்ளிக்கிழமை போயிற்று. அவள் செருப்புக்கடை மாடி ஏறினாள். எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

தெரு சிரிக்கவில்லை, யோசித்தது.

"அவ்வளவு பெரிய ரெண்டு இடத்தை வேண்டாம்னுட்டு இங்க சேத்திருக்கார்னா, உள்ள ஏதோ விஷயம் இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர். அடுத்த ஆண்டு மாடிப்படியில் நிற்க இடமில்லை. கட்டணம் ஏறியது. நுழைவுத் தேர்வு வந்தது. அதற்குப் பயிற்சி வகுப்பும் வந்தது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியதால் கல்லூரியின் பெருமை மேலும் உயர்ந்தது.

திருப்பி அனுப்பப்பட்டவர்களில் என் மகனும் ஒருவன்.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சிபாரிசு கேட்க எதிர்வீட்டுக்குப் போனேன். கண்காணிப்பாளர் இல்லை. மகள்தான் கதவைத் திறந்தாள். நான் வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"சிபாரிசு எதுக்கு மாமா? என் இடத்தையே அவனுக்குக் குடுத்துடறேன்."

கிண்டலாகச் சொன்னாளா, வேதனையில் சொன்னாளா, தெரியவில்லை. அதையெல்லாம் ஆராயும் நிலையில் நான் இல்லை.

"அதை எழுத்துமூலமா குடுத்துடேன்மா," என்றேன்.