காற்றைத் திருப்ப நாற்பது நிமிடம்

செந்தில், என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தவன் நீதான்.

"எல்லாக் கணக்கையும் கம்பைல் ஆகும்போதே முடிச்சிடு மச்சான், அப்புறம் புரோகிராம் பறக்கும்" என்று மறைமலைநகர் டீக்கடையில் சொன்னாய். (நாம் எழுதியதைக் கணினி தன் பாஷைக்கு மாற்றிக்கொள்வதுதான் கம்பைல். ஓட ஆரம்பிக்கும் முன்பே நடப்பது.) நம்பிய முட்டாள் நான்.

அப்போது எனக்கு ஒரே காரியம்தான் ஆக வேண்டியிருந்தது. வசந்தியின் அப்பா சம்மதிக்க வேண்டும். மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் இரண்டு படகு வைத்திருப்பவர். "கம்ப்யூட்டர்ல இன்னா பண்றேன்னு காட்டு, அப்பால பேசலாம்" என்றிருந்தார். கணினியில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டில் ஓடும் கடல் ஒன்றைச் செய்துகொண்டு போனேன். (கடல்காரரிடமே கடல். மூளை அவ்வளவுதான்.)

அவர் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்தேன். கார்டுக்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் கணிப்பான்கள், ஆளுக்கொரு துளியை ஒரே சமயத்தில் தூக்கி இறக்கின. திரையில் அலை மெத்தென்று எழுந்து சாய்ந்தது. அதற்குப் பின்னால் நிஜக் கடலும் அப்படியே மூச்சு விட்டது. எது எதுவென்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை.

"நல்லா கீது. ஆனா இது வாடைக் காத்து. இப்ப தெக்கால இருந்து அடிக்குது பாரு. திருப்பு" என்றார்.

காற்றின் திசையையும் கம்பைலின்போதே கணக்குப் போட்டுப் பூட்டியிருந்தேன். மாற்றினால் முழுசாக மறுபடி கம்பைல்.

"நாப்பது நிமிஷம் ஆவும் மாமா."

"காத்தத் திருப்பவா?"

"ஆமா."

உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். திரையில் கறுப்பு. எதிரே கடல். படகுகள் தூக்கத்தில் புரள்வதுபோல் அசைந்தன. எல்லோரும் ஒரே கனவுக்குள் இருந்தோம். எனக்கு மட்டும் வியர்த்தது.

ஒருவழியாகத் திரையில் தெற்குக் காற்று வந்தது. கொடியில் காய்ந்த லுங்கிகளோ, கிழக்குக் காற்றில் கடலிலிருந்து ஊர்ப் பக்கம் பறந்துகொண்டிருந்தன.

"மறுபடி மாறிப்போச்சு மாப்ள. இன்னொரு நாப்பது நிமிஷமா, துன்னுட்டு வரலாமா?"

அவர் மாப்ள என்றதை நான் கவனிக்கவில்லை. வசந்தி கவனித்தாள். ("ஓடாம குந்திகினு இருந்தான்ல, அது போதும்" என்றாராம் பிறகு.)

இன்றும் நடுக்கடலில் காற்று மாறினால், "மாப்ள கம்பைல் பண்றாரு போல" என்கிறார்கள் குப்பத்துக்காரர்கள். டேபிள் ஃபேனைத் திருப்பச் சொன்னால்கூட வசந்தி மணி பார்க்கிறாள்.

நீயோ மேடை மேடையாக ஏறி அதே பாடத்தை நடத்துகிறாயாம். அடுத்த கூட்டத்தில் முதல் வரிசையில் நான் இருப்பேன். எல்லோர் முன்னாலும் மைக்கில் பதில் சொல்: மாறக்கூடியதை முன்கூட்டியே பூட்டாதே என்று அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?