நடைவேகத்தில் ஒரு தப்பியோட்டம்

"ரோடு ரோலரைத் திருடி, அதுலயே தப்பிச்சு ஓடி, ஜெயிலுக்குப் போன ஆளு இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தாம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

டிராவல் ஏஜென்சிப் பெண் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள். வெளிநாட்டு விசாவுக்காக அவள் கேட்டது சாதாரணக் கேள்வி: இதற்கு முன் ஏதாவது வழக்கில் தண்டனை உண்டா, இல்லையா? வழக்கமாக எல்லோரும் "சேச்சே" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இல்லைன்னு போடும்மா" என்றாள் அவர் மனைவி. "எறும்பு குறுக்கே போனா நின்னு வழிவிடுற மனுஷன். இவரு ரோலரைத் திருடினாராம். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

கண்ணாடிக்காரர் தெருமுனைக் கடையில் ஊருக்கே மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கண்ணாடியோடு இந்தக் கதையையும் சேர்த்தே மாட்டி அனுப்புவார். அளவு எடுக்கும்போது தலையை அசைக்கக் கூடாது என்பதால் யாராலும் மறுக்க முடிந்ததில்லை. நம்ப மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் மனைவி ஒருத்திதான்.

கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்பு, மண்டையைப் பிளக்கும் வெயிலில், ரோடு போட நிறுத்தியிருந்த ரோலரை இவர் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போலீஸ்காரர் துரத்தினார். துரத்தினார் என்றால், பக்கத்திலேயே நடந்து வந்தார். நடுவில் டீ குடிக்க ஒதுங்கினார். நிதானமாகக் குடித்து, சில்லறை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், ரோலர் அதே டீக்கடையைத்தான் இன்னும் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பூங்காவின் மதில் சுவரைத் தரையோடு தரையாக இஸ்திரி போட்டுவிட்டு நின்றது. இவருக்கு ஒரு மாசம் ஜெயில்.

"உண்டுன்னே போடு. உண்மையை மறைக்கக் கூடாது" என்றார் கண்ணாடிக்காரர். ஓர் அரசாங்கமே வலிய வந்து தன் கதையைக் கேட்கிறது என்ற பூரிப்பில் அவருக்குக் காது வரை வாய்.

பெண் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் உடனே தீர்ப்பின் நகலைக் கேட்டது.

மனைவியின் முகம் வாடிப்போனது. ஃபிரீசரில் உறைந்து கட்டியானதைத் தவிர வேறு பனியைப் பார்த்தவள் இல்லை அவள். முழங்கால் மூட்டு முழுசாக வேலைநிறுத்தம் செய்வதற்குள் ஒரு பனிமலையில் கால் வைத்துவிட வேண்டும் என்று ஸ்வெட்டர் வாங்கி, அதை வீட்டுக்குள் போட்டுப் பார்த்து வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களால?" என்றான் கூட வந்திருந்த மகன். டிக்கெட் போட்டவன் அவன்.

"நகல்தானே? வாங்கிட்டாப் போச்சு."

கோர்ட்டின் பழைய கட்டுகளைக் கரையான் எப்போதோ படித்து முடித்திருந்தது. அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். வெறும் கையோடு அனுப்ப மனசில்லாமல், அப்படி ஒரு வழக்கே இல்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் நிலைமை இன்னும் மோசம். இன்ஸ்பெக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, உங்களையா? லாக்கப்பைத் திறந்துவிட்டாக்கூட உள்ள போகக் கூச்சப்படுவீங்க போலிருக்கே."

"சார், நான் தண்டனை அனுபவிச்சவன்."

"பெரியவங்க விளையாடக் கூடாது" என்று சிரித்து, உத்தமமான குடிமகன் என்று ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு அவமானத்தோடு வெளியே வந்தார்.

மிச்சம் இருந்தது, அன்றைக்கு ரோலரோடு நடந்த போலீஸ்காரர். தேடிப் பிடித்தார்கள். ரிட்டயராகி மகள் வீட்டு மொட்டைமாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது.

"என்ன வேகம், என்ன வேகம். பின்னாலேயே ஓடிப் பாய்ஞ்சு, கடைசிப் பெட்டியில தொத்திக்கிட்டேன்."

"பெட்டியா?"

"ரயிலுக்குப் பெட்டி இருக்காதா?"

இத்தனை காலம் அவரும் தன் பங்குக்குக் கதை சொல்லி வந்திருக்கிறார். ரோலர் அவர் வாயில் வளர்ந்து எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டிருந்தது.

"பேசாம இல்லைன்னு மாத்திடலாம்" என்றான் மகன்.

"இனிமே மாத்தினா மோசடின்னு எடுத்துப்பாங்க" என்றாள் ஏஜென்சிப் பெண். "நேர்ல கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு பேரும் போய்ப் பேசிப் பாருங்க."

தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி. காகிதங்களைப் பரப்பினார். ஜெயிலுக்குப் போனேன் என்கிறது விண்ணப்பம். வழக்கே இல்லை என்கிறது கோர்ட். உத்தமர் என்கிறது போலீஸ்.

"ஐயா, தெளிவாச் சொல்லிடறேன்" என்றார். "அந்தக் காலத்துச் சின்னத் தப்புக்கெல்லாம் நாங்க விசா மறுக்கிறதில்ல. பொய் சொன்னா மறுப்போம். ரெண்டு பேருக்கும் சேர்த்தே."

"சத்தியமா நடந்தது சார்."

"சரி, ரோலரை எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?"

"எப்படின்னா? சாவியைப் போட்டுத் திருகினேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "எங்கப்பா ரோடு கான்ட்ராக்டர். அந்தக் காலத்து ரோலருக்குச் சாவியே கிடையாது."

கண்ணாடிக்காரர் காற்றில் விரலைத் திருகிக் காட்டினார். "சாவி மாதிரி ஒண்ணு" என்றார். "பித்தளையில. இல்ல, பட்டன்."

"நிறுத்தினது எப்படி?"

"சுவர்தான் சார் நிறுத்திச்சு" என்று சிரிக்கப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றினார்.

மனைவி ஸ்டாம்பைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "இப்படி ஒண்ணு நடந்ததா, இல்லையா?"

அவள் கையோடு கொண்டுவந்திருந்த ஸ்வெட்டரை மடியில் வைத்து ஒழுங்காக மடித்தாள்.

"நடந்தது சார். எங்கப்பாதான் அந்த ரோலருக்கு டிரைவர். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்துல ஹேண்டிலைச் சுத்திக் கிளப்பி ஓட்டிட்டுப் போனது நான், போலீஸ் தூரத்துல வர்றதைப் பார்த்ததும் என்னைக் கீழே இறக்கிவிட்டுட்டு ஏறி உட்கார்ந்துக்கிட்டவரு இவரு."