நகக்கண் டாக்டர்

எங்கள் கருங்கல் ஊர்ச் சந்தைக்கு வருகிற ஜனத்தில் பாதிப் பேருடைய ரத்தம் ஓடுகிற அழகை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பார்த்தவர் நகக்கண் டாக்டர் ஒருவர்தான். தோல் வைத்தியர். பலகையில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் வாசித்ததில்லை.

படர்தாமரையோ பொடுகோ, எதற்குப் போனாலும் முதலில் மோதிர விரலைப் பிடித்துக்கொள்வார். நகமும் தோலும் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பார்.

“முதுவுல அரிப்புன்னு வந்தா, வெரலைப் பிடிச்சு என்ன டாக்டரே செய்யிதிய?” என்று குளச்சல் மீன் வியாபாரி ஒருவர் கத்தினார்.

“முதுவு எங்கயும் ஓடிப் போவாது வே. வெரல வையும்.”

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கப் போன டாக்டர், விரலை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வாழ்த்த வந்த வரிசை வாசல்வரை நின்றுவிட்டது. அதை வீடியோ எடுத்தவன் நான். அவருக்குப் பக்கத்துக் கடையில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த காலம். கல்யாணத்துக்கு மறுநாளே என் கடைக்கு வந்துவிட்டார்.

“மக்கா, ஒன் பழைய வீடியோ கேமராவை மைக்ராஸ்கோப்புல மாட்டி டிவில காட்ட முடியுமா?”

மாட்டினேன். முதல் விரல் என்னுடையது. டிவியில் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல சிவப்பு நுண்குழாய்கள். ஒவ்வொன்றிலும் ரத்தம் மணல்மணலாக மேலேறி, வளைந்து, கீழே இறங்கியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். அதுபாட்டுக்கு ஓடியது. ஊரிலுள்ள முகங்களையெல்லாம் படம் பிடித்தவனுக்கு, தன் விரலையே அடையாளம் தெரியவில்லை.

“டாக்டரே, இது நானா?”

“நீயாக்கும். உசிரோட.”

இரணியலில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்கு, தண்ணீரில் கைவைத்தால் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். “பாத்திரம் கழுவ மடி. அதுக்கு ஒரு சீக்கு!” என்று சோம்பேறிப் பட்டம் கட்டி மாமியார் ஏசி ஏசி, அக்கா ஒருநாள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே நியாயம் பேச மாமியாரும் வந்தார். இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அக்காவின் விரலை வைத்ததும், டாக்டர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதிக் குழாய்களைக் காணோம். மீதி, ரத்தம் குடித்த அட்டைபோல வீங்கிக் கிடந்தன.

“அம்மா, ஒங்க வெரலையும் தாங்க.”

“சீக்கு அவளுக்கு. எனக்கு எதுக்கு?” என்றபடியே மாமியார் நீட்டினார். டிவியில் ஒழுங்கான வரிசை. ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். அந்தம்மா கண்ணைச் சிமிட்டவில்லை.

“ஏசுவே! இந்த வயசுலயும் எனக்கு இப்பிடியா ஓடுது?”

“ஓடுது. ஒங்க மருமவளுக்கு ஓட வழியில்ல. இது மடியில்லம்மா, தோலை இறுக்குற நோயி. விட்டா உள்ளயும் பிடிக்கும்.”

மாமியார் அக்காவின் வெளுத்த விரல்களைத் தன் இரு கைக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

“வா மக்கா, வீட்டுக்குப் போவம். பாத்திரத்த நான் கழுவிக்கிடுதேன்.”

திருவனந்தபுரத்தில் சோதனைகள், மருந்துகள் என்று வருஷக்கணக்கில் அலைந்தோம். ஆரம்பத்திலேயே பிடித்ததால் அக்கா தப்பினாள். நோய் போய்விடவில்லை, அடங்கிக் கிடக்கிறது.

கிறிஸ்துமஸ் வந்தால் மாமியார் முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து, முதல் பங்கை எடுத்துவைத்து, “இது நம்ம டாக்டருக்கு” என்பார். வேறு எந்த டாக்டரையும் அந்தம்மா ‘நம்ம’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.