லென்ஸுக்கு வைத்த பொட்டு

திருச்செங்கோட்டு மலைமேல் சாமியே பாதி உடம்பை அம்மனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் நின்றுகொண்டிருக்கிறார். அடிவாரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் குணசீலன் மட்டும், ஒரு சனிக்கிழமை காலையில், இனி யாருக்கும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தான். வாங்கினால் கேமரா கம்பெனியே செய்கிற லென்ஸைத்தான் வாங்குவது. வேறு பேச்சே கிடையாது.

முடிவை மனதுக்குள்தான் எடுத்தான். வெளியே சொல்வதற்கு மனைவி மைதிலியின் அனுமதி வேண்டும்.

அவனுடைய பழைய லென்ஸ் போன வாரம் ஒரு காதுகுத்து விருந்தில் உயிரை விட்டிருந்தது. பந்தியைப் படம் எடுக்கப் போனவன், லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்த நேரம் பார்த்து, காது குத்திய குழந்தை வலியில் ஓர் உதை விட்டது. லென்ஸ் நேராக ரசக் குண்டாவுக்குள் போய் விழுந்தது. அன்றைக்கு ரசம் பிரமாதம் என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கும். கண் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவது?

மைதிலி போர்வெல் ரிக் லாரிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் பில் போடுகிறவள். வீட்டுச் சேமிப்பு அவள் கையில். அந்தச் சேமிப்புக்கு லென்ஸைத் தவிர இன்னொரு போட்டியாளரும் உண்டு. பாத்ரூம் கதவு. தாழ்ப்பாள் உடைந்துபோனதால், உள்ளே இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். குணசீலன் பாடுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அங்கம்மாள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஏனுங்க, கம்பெனி லென்ஸ் வாங்கினா கதவு இல்லீங்க" என்றாள் மைதிலி, அவன் மெல்லப் பேச்செடுத்ததும்.

"தொழில் அம்மிணி. நெம்ப முக்கியம்."

"வேற கம்பெனிக்காரங்க ஆருமே லென்ஸ் செய்யறதில்லீங்களா?"

"சிக்மான்னு ஒண்ணு இருக்குது. பாதி வெலைதான்."

"பேரே சிக்கனமான்னு இருக்குதே."

"சிக்கனமா இல்ல. சிக்மா."

"ரெண்டெழுத்தைக் கொறைச்சிருக்காங்க. அதுவும் சிக்கனந்தானுங்க."

"படத்துல வித்தியாசம் தெரியும் அம்மிணி."

"எங்க கடைக்கு வாரவங்களும் அப்புடித்தான். பாறையைத் தொளைக்கறதுக்குக் கம்பெனி பிட்டுத்தான் வேணும்பாங்க. பூமிக்கு அடியில போன பொறவு, நீ எந்தக் கம்பெனின்னு பாறை கேட்டுட்டா இருக்குது?"

அப்போதுதான் குணசீலனுக்கு அந்த யோசனை வந்தது. அருமையான யோசனை என்று நம்பினான். தனக்கு வரும் எல்லா யோசனைகளையும் அவன் அப்படித்தான் நம்புவான்.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். ரெண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்தாரேன். பேரு தெரியாம ரெண்டு மேலயும் கறுப்பு டேப்பைச் சுத்திடலாம். எது எதுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ரெண்டுலயும் உன்னைப் படம் எடுக்கறேன். உனக்கு எந்தப் படம் புடிக்குதோ அந்த லென்ஸை வாங்கறோம். அப்பறம் ஆரும் பேசப்படாது."

"மலைக்கோயில் மேல சத்தியமுங்களா?"

"சத்தியம்."

மறுநாள் காலை சேலத்துக்குப் போய் இரண்டையும் எடுத்து வந்தான். டேப் சுற்றியதும் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. மைதிலி சமையலறையில் இருந்த சமயம், பீரோக் கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை உரித்து, கம்பெனி லென்ஸின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினான். திட்டம் இவ்வளவுதான். பொட்டு வைத்த லென்ஸில் உயிரைக் கொடுத்து எடுப்பது. பொட்டு இல்லாததில் ஏனோதானோ என்று எடுப்பது.

"சாயங்காலம் மாடியில எடுக்கலாம். பட்டுப் பொடவை கட்டிக்க. நான் போய் மல்லிப்பூ வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பியவன், வாசலில் திரும்பி நின்றான். "அந்த மூடிகளை மட்டும் தொட்டுராத அம்மிணி. தூசி எறங்கிரும்."

"நான் எதுக்குங்க அதைத் தொடறேன்" என்றாள் மைதிலி.

மாலை வெயில் மலைமேல் மஞ்சளாக விழுந்திருந்தது. முதலில் கழற்றிய மூடியில் பொட்டு இல்லை. குறி மைதிலிமேல் இல்லை, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிமேல். தொட்டியில் பாசி படிந்த இடம்கூடத் துல்லியமாக விழுந்தது. மைதிலி மட்டும் புகைமூட்டத்தில் நின்றாள்.

அடுத்தது பொட்டு லென்ஸ். இப்போது குணசீலன் வேறு ஆளாகிவிட்டான். முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொன்னான். பூவைத் தோள்மேல் இழுத்து விட்டான். காதோரம் நரைத்த முடி ஒன்றை ஒதுக்கப் போனவன், அது அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டான். சிரிக்கச் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வராது. அதனால் ரசக் குண்டாவுக்குள் கையை விட்டு லென்ஸைத் தேடிய கதையை, சமையல்காரர் தன்னைத் திட்டிய திட்டோடு சேர்த்துச் சொன்னான். அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அமுக்கினான். ஒரு நிமிஷம் அவனுக்குப் பந்தயமே மறந்துபோயிற்று.

கீழே வந்து இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டான். மைதிலி வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டாவதுதானுங்க."

"அவசரப்படாத. நல்லாப் பாத்துச் சொல்லு."

"ரெண்டாவதேதான்."

குணசீலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பாத்தியா? கண்ணுல அந்த வெளிச்சத்தைப் பாரு. தோல் நெறத்தைப் பாரு. இதெல்லாம் காசைக் குடுத்தாத்தான் வரும். பாதி வெலை லென்ஸைத் தலைகீழா நின்னு அமுக்கினாலும் வராது அம்மிணி."

"அப்ப முடிவு மாறாதுங்களே?"

"மாறவே மாறாது."

"சரி, டேப்பைப் பிரிங்க."

பிரித்தான். சிக்மா என்று எழுதியிருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தான். பொட்டு இருந்தது. மறுபடி லென்ஸைப் பார்த்தான். எழுத்து மாறவில்லை. கையில் எடை பார்த்திருந்தால்கூட அவனுக்குத் தெரிந்திருக்கும். பொட்டை நம்பியவன் எடையை எதற்குப் பார்க்கிறான்?

"எப்புடி அம்மிணி?"

"கண்ணாடியில ஒட்டி வெச்சிருந்த பொட்டுல ஒண்ணைக் காணோம். இந்த ஊட்ல பொட்டு வெக்கறது நான் ஒருத்திதான். மூடியைத் தொடாதீன்னு நீங்க சொல்லலீன்னா, எங்க போய்த் தேடறதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. ரெண்டு மூடியும் ஒரே அளவு. மாத்தி மாட்டீட்டேன்."

"இது அழுகுணி ஆட்டம்."

"மொதல்ல ஆடினது ஆருங்க?"

குணசீலன் திரையின் பக்கம் திரும்பினான். திரையில் மைதிலி சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ கல்யாணப் பெண்களை எடுத்திருக்கிறான். இப்படி ஒரு படம் அவன் கைக்கு வந்ததில்லை. அதை அவனாலேயே மறுக்க முடியவில்லை.

மைதிலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நெசமாவே நல்லா எடுத்திருக்கீங்க. இதைப் பெருசாப் போட்டு ஸ்டுடியோ வாசல்ல மாட்டலாமுங்க."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "மாட்டலாமா?"

"மாட்டலாம். அந்த இன்னொண்ணை மட்டும் அழிச்சிருங்க. அத்தன வெலை லென்ஸைக் கையில குடுத்தும் தண்ணித் தொட்டியத்தான் எடுத்தாருன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, தொழில் போயிருமுங்க."