வைரவன் வாங்கிய கேம் பெட்டி

ஒரு காட்டில், கரண்டும் நெட்டும் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு நடந்த கதை இது. அங்கே ஒரு மரப்பொந்தில் வைரவன் என்ற மரநாயும் அதன் மனைவி செங்கமலமும் குடியிருந்தன. இரண்டும் முதலில் சந்தித்ததே வீடியோ கேம் கடையில்தான். கட்டம் கட்டமாகப் படம் தெரியும் 'பனம்பழ வேட்டை' என்ற ஆட்டத்தில் செங்கமலம் வைரவனை நாற்பது முறை தோற்கடித்தது. அதற்குப் பிறகும் வைரவன் பெண் கேட்டு ஆள் அனுப்பியது.

அதே ஆட்டம், அதே கட்டம் போட்ட படங்களோடு, இப்போது புதுப் பெட்டியாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் செங்கமலத்துக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான பிறகு வைரவன் மனைவியோடு உட்கார்ந்து பேசியதே குறைவு. இனிமேல் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது சேர்ந்து ஆடலாம் என்று அதற்கு ஆசை.

பெட்டி வாங்கப் போட வேண்டிய விண்ணப்பத்தில்தான் வில்லங்கம். கையில் வைத்து ஆடும் பெட்டியா, டிவியில் மாட்டும் பெட்டியா, ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். ஒரு முகவரிக்கு ஒரு பெட்டிதான்.

"டிவி பெட்டியே போடுங்க. ரெண்டு பேரும் ஆடலாம்" என்றது செங்கமலம்.

"அவசரப்படாதே. நாலு இடத்துல விசாரிச்சுட்டுப் போடலாம்" என்றது வைரவன்.

விசாரித்தது. ஆந்தை போட்ட விமர்சன வீடியோக்கள் பதினேழையும் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தது. டிவியில் படம் தலைகீழாகத் தெரிகிறது, கைப்பெட்டி என்றால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம் என்றது வௌவால். தூக்கத்தில் புரண்டால் கைப்பெட்டியின் திரை கீறிவிடுகிறது என்றது முள்ளம்பன்றி. வைரவன் எல்லாவற்றையும் அட்டவணை போட்டது. செங்கமலம் பக்கத்தில் வந்து ஏதாவது பேசினால், "இரு, உனக்காகத்தான் பாக்கறேன்" என்று கையைக் காட்டியது. மூன்று மாதம் இப்படியே ஓடியது.

விற்பனையின் கடைசி நாளன்று டிவி பெட்டிக்கு டிக் விழுந்தது. பெட்டியும் வந்தது. வைரவன் அதை மாட்டி, ஒரு ஜாய்ஸ்டிக்கை மனைவி உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுக் கூப்பிட்டது.

செங்கமலம் மூலையில் படுத்திருந்தது. அதன் கையில் கைப்பெட்டி. அம்மா வீட்டு முகவரி கொடுத்து வாங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டதாம்.

"நீங்க ஆரம்பிங்க. எனக்குத் தனியா ஆடியே பழகிடுச்சு" என்றது, தலையைத் தூக்காமல். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. வைரவனுக்கு அதுதான் வலித்தது.

இருந்தாலும் வைரவன் இருவர் ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. திரையில் எதிராளி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அப்படியும் வைரவன் தோற்றது.

நீதி: எதை வாங்கினாலும் ஆற அமர ஆராய்ந்து வாங்குங்கள். பொருள் நெடுநாள் உழைக்கும். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.