அச்சில் இல்லாத செங்கல்வராயன்

தொடர்கதையைப் படிப்பவர்கள் உண்டு, படித்துவிட்டு அழுபவர்கள் உண்டு. கதைக்குள்ளேயே தன் ஆள் ஒருவரைக் குடிவைத்துவிடும் மூன்றாவது இனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எழுபத்துமூன்றாம் வருஷம் செவ்வாப்பேட்டையில் காலை ரயில் ஏறியிருந்தால் பார்த்திருக்கலாம். பெயர் லோகநாதன். ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர்.

வியாழக்கிழமைதோறும் வாரப் பத்திரிகையைப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிப்பவர் அவர்தான். அதற்குக் கூலி, ஜன்னலோர இடம். கதையில் ஒரு ஜமீன்தார், அவர் மகள் நளினி, அவள் காதலிக்கும் டாக்டர். அச்சில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் டாக்டரின் கார் நடுவழியில் நின்றுபோன வாரம் லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. செங்கல்வராயன் என்றொரு ஃபிட்டரை இறக்கிவிட்டார். சுருட்டை முடி, அரும்பு மீசை, வலது புருவத்தில் தழும்பு. லோகநாதனுக்கும் அங்கேதான் தழும்பு, யாரும் கவனிக்கவில்லை. கார் கிளம்பியது. அடுத்த வாரம் செங்கல்வராயன் வெள்ளத்தில் நீந்தி நளினியைக் கரைசேர்த்தார், அதற்கடுத்த வாரம் இங்கிலீஷில் பேசி ஜமீன்தாரின் வாயை அடைத்தார், வயலின் வாசித்தார், நளினி நீட்டிய காபியை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார். தப்பு? மருந்துக்குக்கூடச் செய்யமாட்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு கண்ணாலம் காட்சி ஆவட்டும்பா" என்று கேன்டீனில் வேலை செய்யும் கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு வியாழன் லோகநாதனுக்குக் காய்ச்சல். வெல்டர் ஆசீர்வாதம் பத்திரிகையை வாங்கித் தானே படித்தார்.

மறுநாள் லோகநாதன் ஏறியதும் பெட்டியே அவரைத் திரும்பிப் பார்த்தது; ஆசீர்வாதத்தின் கையில் பத்திரிகை. குட்டு உடைந்தது, ஜன்னலோரம் போயிற்று, இனி எந்த ரயிலில் முகத்தைக் காட்டுவது என்று அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இன்னா லோகு, செங்கல்வராயனப் பத்தி ஒரு வரிகூட இல்லியே?" என்றார் ஆசீர்வாதம்.

"அது வந்து..."

"எழுதறவன் திமிரப் பாத்தியா? ஒரு ஃபிட்டரு நல்ல பேரு வாங்கிக்கினு இருந்தா அவனுக்குப் பேஜாரா பூட்ச்சு. ஆளையே தூக்கிட்டான்!"

"உடாதப்பா லோகு" என்றாள் கன்னியம்மா. "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். பத்திரிகைக்கு ஒரு காயிதம் எழுது. எல்லாருமா கையெழுத்துப் போடறோம். நளினிய செங்கல்வராயனுக்கே கட்டி வெக்கணும், அதையும் எழுது."

லோகநாதன் எழுதினார். முதல் வரியை இரண்டு தரம் அடித்துத் திருத்தினார். மூன்றாம் வரியில் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல பையனை ஒருவன் எப்படிக் கைவிடலாம்? ஆவடி வருவதற்குள் நான்கு பக்கம் ஆகிவிட்டது.

சிரிக்காதீர்கள். இந்தக் கதையை நாளைக்கு நீங்களும் யாரிடமாவது சொல்வீர்கள். அப்போது அந்தப் பெட்டியில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். முதல் வாரமே எல்லாம் புரிந்துவிட்டாலும், பெருந்தன்மையாகப் புன்னகைத்துக்கொண்டு சும்மா இருந்தவர். அவருக்கு யார் ஜாடை என்று நான் கேட்கப்போவதில்லை.